ஆளில்லா அரங்கில் ஆடிய புலிகள்



மெல்போர்ன் கிரிக்கெட் மைதானத்தின் பெயரைக் கேட்டறியாத இளைஞர் நம் இல்லங்களில் அரியர். ஆயினும் ஆண்டில் ஏறத்தாழ ஆறு மாதங்கள் அங்கே கிரிக்கெட்டுக்கு இடமில்லை என்பதைப் பலர் அறியார். மார்ச் முதல் செப்டம்பர் வரை அந்த மைதானம் வேறோர் ஆட்டத்துக்கு உரியது. அதன் பெயர் ஆஸ்திரேலியக் கால்பந்து. முட்டை வடிவப் பந்து. முட்டை வடிவ மைதானம். அணிக்குப் பதினெட்டுப் பேர். பந்தைக் கையால் பிடிக்கலாம், காலால் உதைக்கலாம், மூடிய கையால் குத்தித் தோழனுக்கு அனுப்பலாம். எறிவது மட்டும் ஆகாது. இரு முனைகளிலும் நான்கு நான்கு கம்பங்கள் நிற்கும். நடுவிலுள்ள இரண்டின் ஊடே உதைத்தால் 6 புள்ளி. ஓரத்து இடைவெளியில் சென்றால் 1 புள்ளி. இவ்வளவு அறிந்தால் நம் கதைக்குப் போதும்.

இம்மாதம் நாம் சிந்திக்க எடுத்துக்கொள்வது, இந்த ஆட்டத்தின் புகழ்பெற்ற கழகங்களுள் ஒன்றான ரிச்மண்டு 2020-ஆம் ஆண்டில் கடந்து வந்த பாதையை. கொரோனாப் பெருந்தொற்று உலகை முடக்கிய அந்த ஆண்டில், பார்ப்பவர் இன்றியும் சொந்த ஊர் இன்றியும் ஒரு கழகம் ஆடியது, இறுதியில் வென்றது. ஆனால் அந்த வெற்றி யாருடையது? இவ்வினாவே நம்மை இங்கே நிறுத்துகிறது.

கழகமும் அதன் மக்களும்

ரிச்மண்டு என்பது மெல்போர்ன் நகரின் நடுப்பகுதியை ஒட்டிக் கிழக்கே உள்ள பகுதி. இன்று வசதி படைத்தோர் பலர் அங்கே வாழ்கின்றனர். ஆனால் முற்காலத்தில் அது தொழிற்சாலைகளும் நெருக்கமான சிறு வீடுகளும் நிறைந்த உழைப்பாளர் பகுதி. அயர்லாந்திலிருந்து குடியேறிய கத்தோலிக்கக் குடும்பங்கள் பல அங்கே வேரூன்றின. புனித இஞ்ஞாசியார் ஆலயத்தின் உயர்ந்த கோபுரம் இன்றும் குன்றின்மேல் நின்று அதற்குச் சான்று பகர்கிறது. அந்த மக்களிடையே 1885-இல் பிறந்தது ரிச்மண்டு கால்பந்துக் கழகம். நிறம் மஞ்சளும் கறுப்பும், சின்னம் புலி.

அந்நாட்டில் கழகப் பற்று வீட்டிலிருந்து வருவது. தாத்தா எந்தக் கழகமோ பேரனும் அந்தக் கழகமே. குழந்தை நடைபயிலும் முன்னரே அதன் கழுத்தில் கழக நிறத்துத் துணி சுற்றப்படும். 1990-இல் ரிச்மண்டு கடனில் மூழ்கி, சில மாதங்களில் 10 லட்சம் டாலர் திரட்டாவிடில் மூடப்படும் நிலை வந்தது. அப்போது தெருமுனைகளில் தகரக் குவளை ஏந்தி நின்று கழகத்தைக் காப்பாற்றியவர்கள் அதன் எளிய ஆதரவாளர்களே. ‘எங்கள் தோலைக் காப்பாற்றுங்கள்’ என்பது அந்த இயக்கத்தின் பெயர். புலிக்குத் தோல்தானே உயிர்! 1980-க்குப் பின் கோப்பையையே காணாத அந்த மக்கள் 37 ஆண்டுகள் காத்திருந்தனர். 2017-இல் கோப்பை வந்தது. 2018-இல் உறுப்பினர் தொகை ஒரு லட்சத்தைக் கடந்தது. ஆஸ்திரேலியக் கால்பந்தில் அந்த எண்ணிக்கையை எட்டிய முதற் கழகம் ரிச்மண்டே. 2019-இல் மீண்டும் கோப்பை. இத்தகைய பெருமிதத்தோடுதான் 2020-ஆம் ஆண்டின் வாசலில் கழகம் நின்றது.

குரல் கேட்கும் மைதானம்

மார்ச் 19, வியாழக்கிழமை இரவு. வழக்கம்போல் ரிச்மண்டும் கார்ல்டனும் மோதி ஆட்டப் பருவத்தைத் தொடங்கி வைத்தன. முந்திய ஆண்டு இதே தொடக்க ஆட்டத்துக்கு 85,000 பேர் வந்திருந்தனர். இவ்வாண்டோ ஒருவருக்கும் அனுமதியில்லை. ஒரு லட்சம் பேர் அமரும் அரங்கில் ஆட்டக்காரர் ஒருவரையொருவர் அழைக்கும் குரலும், பந்தில் கால் படும் ஓசையும், நடுவரின் ஊதலும் மட்டுமே கேட்டன. ஆட்ட நேரமும் குறைக்கப்பட்டிருந்தது. ரிச்மண்டு 105 புள்ளிக்கு 81 என்று வென்றது. வென்றவர் கை தூக்கினர். அதைக் காண எதிரே காலி இருக்கைகளே இருந்தன.

மூன்று நாள் கழித்து, மார்ச் 22-இல், பருவமே நிறுத்தி வைக்கப்பட்டது. உலகப் போர்களின்போதும் இந்த ஆட்டம் முற்றாக நின்றதில்லை. 1916-இல் நான்கே அணிகள் ஆடின. ரிச்மண்டு அவற்றுள் ஒன்று. 1919-இல் விஷக் காய்ச்சல் பரவி, மெல்போர்னின் பெரும் பொருட்காட்சி மண்டபமே மருத்துவமனையாக மாறிய காலத்திலும் ஆட்டம் நடந்தது. ரிச்மண்டு இறுதியாட்டத்தில் காலிங்வுட்டிடம் தோற்றது. ஆகவே 2020-இல் விழுந்த அமைதி அந்நகருக்கே புதிது.

இழப்பு எல்லார்மீதும் ஒரே அளவாய் விழவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். ஆட்டக்காரர்கள் பாதி ஊதியத்துக்கு இசைந்தனர். லீக் நிர்வாகம் வங்கிகளில் பெருங்கடனுக்கு ஏற்பாடு செய்து, தனக்குச் சொந்தமான அரங்கை அதற்கு ஈடு வைத்தது. அலுவலர்களுள் மிகப் பெரும்பாலோர் வேலையின்றி வீட்டில் இருக்கப் பணிக்கப்பட்டனர். கழகங்களிலும் அதே கதை. பெண்கள் லீக்கின் பருவமோ இறுதிச் சுற்றின் நடுவே முடித்து வைக்கப்பட்டது. அந்த ஆண்டு ஓர் ஆட்டத்திலும் தோற்காத ஃப்ரீமாண்டில் மகளிர் அணிக்குக் கோப்பை இல்லை. யாருக்குமே கோப்பை இல்லை. ஆடவர் ஆட்டம் நின்று மீண்டும் தொடங்கியது. மகளிர் ஆட்டம் நின்றது நின்றதுதான். ஊர்ப்புறங்களிலும் நகரின் சிறு மைதானங்களிலும் ஞாயிறும் சனியும் ஆடும் கழகங்கள் பலவற்றுக்கு அந்த ஆண்டு ஓர் ஆட்டமும் வாய்க்கவில்லை.

இந்நிலையில், ஆண்டுச் சந்தா கட்டிவிட்டு ஓர் ஆட்டமும் பார்க்க இயலாத உறுப்பினர்கள் என்ன செய்தனர்? பணத்தைத் திரும்பக் கேட்க அவர்களுக்கு நியாயம் இருந்தது. அவர்களுள் வேலை இழந்தோரும் இருந்தனர். ஆயினும் பணத்தைக் கழகத்திடமே விட்டு வைத்தவர்களே மிகுதி. ரிச்மண்டின் உறுப்பினர் தொகை அந்த ஆண்டிலும் ஒரு லட்சத்துக்குக் கீழே இறங்கவில்லை. 1990-இல் குவளை ஏந்திய கை, 2020-இல் ஓசையின்றி மீண்டும் நீண்டது என்று சொல்லலாம் அன்றோ?

ஊரை விட்டுப் புறப்பாடு

ஜூன் 11-இல் ஆட்டம் மீண்டும் தொடங்கியது. ஒவ்வோர் அணிக்கும் 22 ஆட்டங்கள் என்றிருந்ததை 17 ஆகக் குறைத்தனர். முதல் ஆட்டத்தில் ரிச்மண்டும் காலிங்வுட்டும் 36-க்கு 36 என்று சமமாய் நின்றன. தொலைக்காட்சியில் கண்டோருக்கு வெறுமை தெரியாதிருக்க, முன்பு பதிவு செய்த கூட்டத்தின் ஆரவாரத்தைச் சேர்த்து ஒலிபரப்பினர். மனிதர் இல்லாத இடத்தில் மனிதர் குரல் மட்டும்!

ஒரு மாதம் கூட நிறைவுறவில்லை. மெல்போர்னில் நோயின் இரண்டாம் அலை எழுந்தது. ஜூலை 4-ஆம் நாள், நகரின் இரு பகுதிகளில் உள்ள ஒன்பது அரசு அடுக்குமாடிக் குடியிருப்புகள், முன்னறிவிப்பு இன்றி, காவலர் சூழ உடனடியாக அடைக்கப்பட்டன. அகதிகளாகவும் குடியேறிகளாகவும் வந்த ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 3,000 பேர் உள்ளே இருந்தனர். அவர்களுக்கு ஆயத்தம் செய்துகொள்ள அவகாசம் தராமல் அடைத்தது மனித உரிமைச் சட்டத்துக்கு முரணானது என்று, மாநிலத்தின் முறைகேள் ஆணையரே அவ்வாண்டு இறுதியில் தீர்ப்புரைத்தார். ஜூலை 8-இல் விக்டோரியாவுக்கும் நியூ சவுத் வேல்சுக்கும் இடையே எல்லை மூடப்பட்டது. 1919-க்குப் பின் அந்த எல்லை மூடப்பட்டது அதுவே முதல் முறை.

அதே நாட்களில் விக்டோரியாவின் பத்துக் கழகங்களும் ஆட்டக்காரர்களை ஏற்றிக்கொண்டு மாநிலத்தை விட்டு வெளியேறின. ரிச்மண்டு அணி குயின்ஸ்லாந்தின் கோல்டு கோஸ்டு கடற்கரை நகரில் முகாமிட்டது. சில வாரங்கள் என்று எண்ணிச் சென்றவர்கள் அக்டோபர் இறுதிவரை திரும்பவில்லை. பருவத்தை முடிக்கும் அவசரத்தில், ஒரு கட்டத்தில் லீக் முழுவதும் 20 நாட்களில் 33 ஆட்டங்கள் ஆடப்பட்டன. ஓர் ஆட்டத்தின் காயம் ஆறுமுன் அடுத்த ஆட்டம்.

குடும்பங்களின் நிலை என்ன? மனைவி மக்களை உடன் அழைத்து வர இடமளித்தனர். தனிமைக் காலத்தைக் கடந்த பின்னரே சேரலாம். பேறுகாலம் நெருங்கிய மனைவியரை உடையோர் எதைத் தேர்வர்? பச்சார் ஹௌலி என்பவர் ரிச்மண்டின் மூத்த ஆட்டக்காரர். லெபனான் நாட்டிலிருந்து குடியேறிய பெற்றோரின் மகன். இஸ்லாமிய நெறியில் உறுதியாய் நிற்பவர். ஷேன் எட்வர்ட்ஸ் என்பவர் அணியின் மற்றொரு தூண். இவ்விருவரும் அணியோடு புறப்படாமல் மெல்போர்னிலேயே மனைவியரின் அருகில் தங்கினர். கழகமும் அதற்கு இசைந்தது. குழந்தைகள் பிறந்த பின்னரே அவர்கள் வடக்கே சென்று அணியோடு சேர்ந்தனர். பொன்னும் புகழும் காத்திருக்கும்போது, பேறுகால அறையின் வாயிலில் காத்திருப்பதே தம் கடமை என்று தெளிந்த அந்த இரு தந்தையரை நம் வீட்டு இளைஞர்க்கு நாம் சுட்டிக் காட்டலாம்.

மறுபக்கமும் உண்டு, அதை மறைத்தல் நேர்மையாகாது. செப்டம்பர் மாதத் தொடக்கத்தில் இளம் ஆட்டக்காரர் இருவர், விதியை மீறி இரவில் முகாமை விட்டு வெளியேறி, தெருவில் சண்டையில் சிக்கினர். பத்து ஆட்டங்களுக்குத் தடை விதித்து அவர்களை ஊருக்கு அனுப்பினர். கழகத்துக்கு ஒரு லட்சம் டாலர் தண்டம். தண்டத்தைவிட மெல்போர்ன் மக்களின் மனப்புண் பெரிது. ஏன் என்பதை அறிய, அவர்கள் அப்போது எவ்வாறு வாழ்ந்தனர் என்று பார்க்க வேண்டும்.

ஐந்து கிலோமீட்டர் வாழ்க்கை

மெல்போர்னின் இரண்டாம் அடைப்பு 112 நாட்கள் நீடித்தது. அதன் கடுமையான வாரங்களில் வீட்டிலிருந்து 5 கிலோமீட்டருக்கு அப்பால் செல்லலாகாது. உடற்பயிற்சிக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரமே வெளியே வரலாம். இரவில் ஊரடங்கு. பேரக் குழந்தையைப் பாட்டி தொட இயலாது. அந்த ஆண்டில் விக்டோரியாவில் 800-க்கும் மேற்பட்டோர் இந்நோயால் இறந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் முதியோர் இல்லங்களில் வாழ்ந்தவர்கள். பிள்ளைகள் கண்ணாடிச் சாளரத்துக்கு வெளியே நின்று விடைபெற்றனர். அதுவும் வாய்க்காதவர் பலர். அடக்கச் சடங்குக்கும் எண்ணி எண்ணியே ஆட்களை அனுமதித்தனர்.

கால்பந்தாட்டக்காரருக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் எல்லை திறந்தது. பெற்றோரின் சாவுக்குச் செல்ல வேண்டிய சாதாரணக் குடிமகனுக்கோ அது எளிதில் திறக்கவில்லை. ‘இது நீதியா?’ என்று அந்நாட்டு மக்கள் கேட்டனர். கேட்டது சரியே. ஆட்டம் தொடர்ந்தமையால் பலருடைய பிழைப்பு காக்கப்பட்டது என்று ஒரு சாரார் விடையிறுத்தனர். அடைபட்ட வீடுகளில் மாலைதோறும் கண்ட அந்த ஆட்டமே எங்களைத் தேற்றியது என்று சொன்ன முதியோரும் உளர். இரண்டும் உண்மையே. ஆயினும் ஒன்றை மறுக்க முடியாது: பிறருக்கு மறுக்கப்பட்ட சலுகை ஒருவருக்குக் கிடைக்கும்போது, அது அவருடைய உடைமை ஆகிவிடாது. அது கடன். அடக்கத்தோடு அதைச் சுமப்பதே முறை. அந்த இரவில் முகாம் தாண்டிய இருவர் மறந்தது இதைத்தான்.

வெற்றியின் இரவு

ரிச்மண்டின் இறுதிக்கட்டம் தோல்வியில் தொடங்கியது. முதல் ஆட்டத்தில் பிரிஸ்பேன் அணியிடம் தோற்றது. அடுத்து செயின்ட் கில்டாவை வென்றது. அக்டோபர் 16-இல் அடிலெய்டு சென்று, போர்ட் அடிலெய்டு அணியை 46-க்கு 40 என்று ஆறே புள்ளியில் வென்றது.

அக்டோபர் 24. இந்த லீக்கின் இறுதியாட்டம் விக்டோரியாவுக்கு வெளியே நடந்தது வரலாற்றில் அதுவே முதல் முறை. இரவில் நடந்ததும் முதல் முறை. இடம் பிரிஸ்பேன் நகரின் காபா மைதானம். மெல்போர்ன் மைதானத்திலிருந்து ஒரு துண்டுப் புல்தரையைப் பெயர்த்துக் கொண்டுவந்து அங்கே பதித்திருந்தனர். ஊரை விட்டு வந்தவர் பிறந்த மண்ணில் ஒரு பிடியை முடிந்துகொண்டு வருவதுபோல என்க. கூட்டம் 29,707 பேர். முந்திய ஆண்டு மெல்போர்னில் ஒரு லட்சம்.

எதிரே ஜீலாங் அணி. அதன் பெருவீரர் கேரி ஏப்லெட் இளையவருக்கு அதுவே கடைசி ஆட்டம். ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களில் அவர் தோளில் அடிபட்டார். வேறொரு மோதலில் ரிச்மண்டின் நிக் விளாஸ்டுயின் நினைவிழந்து வீழ்ந்தார். ஏப்லெட் வலியோடு திரும்பி வந்து ஆடினார். இடைவேளையில் ரிச்மண்டு 15 புள்ளி பின்தங்கி இருந்தது. பின்னர்தான் புலி எழுந்தது. டஸ்டின் மார்ட்டின் நான்கு கோல் அடித்தார். இறுதியில் 81-க்கு 50. இறுதியாட்டத்தின் சிறந்த வீரருக்கான நார்ம் ஸ்மித் பதக்கத்தை மூன்றாம் முறை வென்ற முதல் மனிதர் ஆனார் மார்ட்டின். நான்கு ஆண்டுகளில் கழகத்துக்கு மூன்றாம் கோப்பை. அடுத்தடுத்த ஆண்டுகளில் வென்றது 1974-க்குப் பின் இதுவே. பிள்ளைப்பேற்றுக்காகப் பின்தங்கிய ஹௌலியும் எட்வர்ட்ஸும் அன்று களத்தில் இருந்தனர்; அவர்கள் இழந்தது ஒன்றுமில்லை.

மெல்போர்னிலோ அன்றிரவு ஒரு வீட்டார் மறுவீட்டுக்குச் செல்லவும் அனுமதியில்லை. கழகத்தை ஊட்டி வளர்த்த மக்கள் அவரவர் வீட்டுக் கூடத்தில், அவரவர் தொலைக்காட்சியின் முன்னே அமர்ந்திருந்தனர். ஆண்டுதோறும் அப்பாவோடு அரங்குக்குச் சென்ற மகன், தொலைபேசியில் அவரோடு பேசியபடியே கோப்பை உயர்வதைக் கண்டான். மூன்று நாள் கழித்து, அக்டோபர் 27 நள்ளிரவில்தான் அடைப்பு நீங்கியது.

நாம் எண்ண வேண்டியது

அடுத்த ஆண்டு இதே துயரம் வேறொரு கழகத்துக்கு நேர்ந்தது. 57 ஆண்டுகள் காத்திருந்த மெல்போர்ன் கழகம் 2021-இல் கோப்பை வென்றபோது, ஆட்டம் நடந்தது பெர்த் நகரில். அதன் மக்களோ மீண்டும் அடைப்பில். 2022-இல்தான் இறுதியாட்டம் பழைய மைதானத்துக்குத் திரும்பியது. ஒரு லட்சம் பேர் கூடினர். காலி இருக்கைகள் நிறைந்தன. முதியோர் இல்லங்களில் காலியான படுக்கைகளுக்கு உரியவர்கள் மட்டும் திரும்பவில்லை.

அந்தக் கோப்பை யாருடையது என்று தொடக்கத்தில் கேட்டோம். களத்தில் வியர்வை சிந்திய வீரர்களுடையது; ஐயமில்லை. ஆனால் ஆளில்லா அரங்கிலும் ஆட்டம் நடந்ததென்றால், அதன் செலவைத் தாங்கியவர் அரங்குக்கு வர இயலாதவர். அவர்கள் சந்தாவைத் திரும்பக் கேட்கவில்லை, கதவைத் தாண்டவில்லை, தம் முதியோரையும் அயலாரையும் காப்பதற்காகத் தம் மகிழ்ச்சியைத் தள்ளி வைத்தனர். வேலை இழந்த அலுவலரும், கோப்பையின்றி வீடு திரும்பிய மகளிரும், முன்னறிவிப்பின்றி அடைபட்ட மாடிக் குடியிருப்பினரும் அந்த ஆண்டின் விலையில் தம் பங்கைச் செலுத்தினர். அவர்கள் பெயர் எந்தப் புள்ளிப் பலகையிலும் ஏறவில்லை.

ஒவ்வொரு வீட்டிலும் இத்தகையோர் உளர். ஒருவர் படிக்கவும் ஒருவர் வெளிநாடு செல்லவும் ஒருவர் மேடை ஏறவும், பின்னே ஒருவர் தம் இருக்கையைக் காலியாக விட்டுக் கொடுத்திருப்பார். அவர் பெரும்பாலும் வாய் திறந்து அதைச் சொல்வதில்லை. இம்மாதம் ஒரு மாலைப் பொழுதில் குடும்பமாய் அமர்ந்து பேசுங்கள்: நம் வீட்டில் அவர் யார்? நாம் பெற்ற வெற்றியில் அவர் பங்கு எவ்வளவு? அதை என்றேனும் அவரிடம் சொல்லியிருக்கிறோமா? சொல்லாவிடில், இன்றே சொல்லுங்கள்.